கரிச்சான் மொட்டையில் போட்ட சத்தம்

இரண்டு வாரமாக இந்தப் பக்கத்தில் என்னைக் காணவில்லையே என்று சிலர் விசாரித்திருக்கிறீர்கள். பலர் விசாரிக்கவில்லை. இரண்டு தரப்புக்கும் என் நன்றி.

இதைப் படுத்துக்கொண்டேதான் எழுதுகிறேன். இடது கால் மாவுக்கட்டோடு தலையணை மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. லேப்டாப் வயிற்றின் மேல். மூச்சை இழுத்தால் திரை மேலே போகிறது, விட்டால் கீழே வருகிறது. எழுத்துப் பிழை இருந்தால் என் தொப்பையை மன்னித்துவிடுங்கள்.

காலுக்கு என்ன ஆச்சு என்று கேட்டு வருகிறவர்களுக்கு என் மனைவி ஒரே ஒரு வார்த்தையில் பதில் சொல்லி காபி கலக்கப் போய்விடுகிறாள். "கொழுப்பு." அவ்வளவுதான்.

கொஞ்சம் விரிவாக நான் சொல்கிறேனே.

தென்காசிக்காரனுக்குச் சாரல் மாதத்தில் ஒரு சங்கடம் உண்டு. சொந்த ஊர் அவனுக்குச் சொந்தமாக இருக்காது. ஆனி பிறந்து மேற்கே மேகம் இறங்கிவிட்டால் குற்றாலம் வெளியூர்க்காரர்களுக்கு. ரோடு முழுக்க வேன். அருவிக்குப் போனால் தண்ணீர் எங்கே தெரிகிறது? எண்ணெய் வழிகிற முதுகுகள்தான் தெரியும். லாட்ஜில் ரூம் கிடைக்காத சொந்தக்காரர்களுக்கு நம் வீட்டு ஞாபகம் வரும். அன்றைக்கும் மதுரையிலிருந்து ஒரு குடும்பம் எங்கள் ஹாலில் பாய் விரித்திருந்தது. பாத்ரூம் வாசலில் வரிசை. என் வீட்டில், என் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, வரிசையில் கடைசி ஆளாக நான்.

போதும் என்று கிளம்பிவிட்டேன்.

"எங்க?" என்றாள் மனைவி.

"பண்பொழி வரைக்கும்."

"மலைக் கோயிலுக்கா?"

"ம்" என்றேன். அது ஆமாம் என்பது மாதிரியும் இருந்தது, இல்லை என்பது மாதிரியும் இருந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டது இந்த ஒரு எழுத்தைத்தான். அன்றைக்கு அதுவே என்னைக் கொன்றிருக்கும்.

நான் போனது கோயிலுக்கு இல்லை. கரிச்சான் மொட்டைக்கு.

கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். அங்கே கோயில் கிடையாது, அருவி கிடையாது, சுண்டல் விற்கிறவர் கிடையாது. ரிசர்வ் காட்டுக்குள்ளும் சேராது. பண்பொழியைத் தாண்டித் தோப்புகள் முடிகிற இடத்தில், காட்டு எல்லைக்கு வெளியே, தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கிற மொட்டைப் பாறை. பாதி உயரம் வரை புதரும் ஆட்டுத் தடமும். அதற்கு மேல் தடமே இல்லை. கையையும் ஊன்றி, சில இடத்தில் வயிற்றையும் ஊன்றி, தொற்றித் தொற்றி ஏற வேண்டும். உச்சியில் போய் நின்றால் மேற்கே செங்கோட்டைக் கணவாய். அங்கிருந்து வருகிற காற்று சட்டைக்குள் புகுந்து மறுபக்கமாக வெளியே போகும். கிழக்கே திரும்பினால் தென்காசிக் கோபுரம், விரல் உயரத்துக்கு.

வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை போவேன். எப்போதும் தனியாகத்தான். ஏன் தனியாக? கூட ஆள் வந்தால் பாதி மூச்சு பேச்சுக்கே போய்விடும் என்று சொல்லிக்கொள்வேன். நிஜக் காரணம் வேறு. ஐம்பது தாண்டிய ஒருத்தன் ஒற்றையாக மலை ஏறி இறங்கினான் என்று நாலு பேரிடம் சொல்வதில் ஒரு ருசி இருக்கிறது. இன்னொருத்தன் கூட வந்தால் அந்த ருசியில் பாதியை அவன் தின்றுவிடுவான்.

கடைசித் தோப்பின் வேலி ஓரம் பைக்கை நிறுத்தினேன். வேலியில் வரிசையாகக் காலி டப்பாக்களும் தகரத் துண்டுகளும் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். யானை உரசினால் சத்தம் வருவதற்காக. அந்தப் பக்கத்துத் தோப்புகளுக்கு யானை வருவது ஊரறிந்த விஷயம். காவல் குடிசை ஒன்றில் நாய் மட்டும் குரைத்தது. ஆளைக் காணோம். நான் போவதை நாயைத் தவிர யாரும் பார்க்கவில்லை.

ஏறினேன். சாரல் விட்டு விட்டு அடித்தது. சாரலுக்கெல்லாம் ரெயின்கோட் எடுப்பவன் தென்காசிக்காரனா? குடை பிடித்துக்கொண்டு போகிறவனைப் பார்த்தே அவன் எந்த ஊர் பஸ்ஸில் வந்திறங்கினான் என்று சொல்கிற ஆட்கள் நாங்கள். நனைந்துகொண்டே ஏறினேன். உச்சியில் ஒன்றுமே தெரியவில்லை. கணவாயும் இல்லை, கோபுரமும் இல்லை. எல்லாப் பக்கமும் வெள்ளை. மிளகாய்ப்பொடி தடவிய இட்லி கொண்டுபோயிருந்தேன். அதை அந்த வெள்ளைக்கு நடுவில் உட்கார்ந்து தின்றேன். ஒரு செல்ஃபி எடுத்தேன். என் மூஞ்சிக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை... ஜெராக்ஸ் கடையில் எடுத்தது மாதிரி இருந்தது.

இறங்கும்போதுதான் விழுந்தேன்.

பெரிய கதை ஒன்றும் இல்லை. சாய்வாக ஒரு பாறை. காய்ந்திருக்கும்போது எத்தனையோ தடவை உட்கார்ந்தே இறங்கியிருக்கிறேன். அன்றைக்கு அதன் மேல் பாசி ஊறியிருந்தது. காலை வைத்தேன், கால் அங்கே இல்லை. முதுகு வழுக்கிக்கொண்டே போனது. கீழே இரண்டு பாறைகளுக்கு நடுவில் இருந்த இடுக்குக்குள் இடது கால் இறங்கி நின்றுவிட்டது. உடம்பு நிற்கவில்லை. ஈர விறகு ஒடிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. என் கால்தான் என்று புரிய கொஞ்ச நேரம் ஆனது.

பாக்கெட்டிலிருந்த போன் எனக்கு முன்னாலேயே அந்த இடுக்குக்குள் போய்விட்டது. எங்கேயோ அடியில் விழுந்த சத்தம் கேட்டது. பிறகு எதுவும் கேட்கவில்லை.

வலியைப் பற்றி எழுதப் போவதில்லை. காலை இடுக்கிலிருந்து கையால் தூக்கி வெளியே எடுத்து வைத்தேன். பாதம் ஒரு திசையும் முழங்கால் ஒரு திசையும் பார்த்துக்கொண்டிருந்தன. வாந்தி எடுத்தேன். இட்லி வீணானது. கொஞ்ச நேரம் அழுதேன். யாரும் பார்க்காத இடத்தில் அழுவதில் ஒரு சௌகரியம் இருக்கிறது... யாரும் பார்க்கவில்லை என்பதுதான் அதன் பயங்கரமும்.

ஏனென்றால் அப்போதுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான் எங்கே இருக்கிறேன் என்று யாருக்குத் தெரியும்? மனைவிக்கு நான் பண்பொழிக் கோயிலில் இருக்கிறேன். இருட்டிய பிறகு தேடினால் அங்கேதான் தேடுவாள். என்மேல் நனையாத துணி ஒரு முழம் கிடையாது. கணவாய்க் காற்று நின்ற பாடில்லை. பல் தந்தியடிக்க ஆரம்பித்துவிட்டது. இந்த ஈரத்தோடு, இந்தக் காற்றில், இந்தக் காலோடு ஒரு ராத்திரி தாங்காது. அது எனக்குச் சந்தேகமே இல்லாமல் தெரிந்தது.

கத்த வேண்டியதுதான்.

என்ன என்று கத்துவது? சிரிக்காதீர்கள், நிஜமான பிரச்சினை. பத்தி பத்தியாக எழுதுகிறவனுக்கு அந்த நேரத்தில் ஒரு வார்த்தை வரவில்லை. "உதவி" என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். மனு மாதிரி இருந்தது. கடைசியில் "யாராவது இருக்கீங்களா" என்று கத்தினேன். காற்று அதில் பாதியைப் பிய்த்துக்கொண்டு போனது. அப்புறம் வார்த்தையை விட்டுவிட்டு வெறுமனே "ஓ... ஓய்..." என்று அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

கீழேயிருந்து பதில் வந்தது.

"ஹோ... ஓய்..."

தெளிவாக. ஆண் குரல். மறுபடி கத்தினேன். இந்த முறை இரண்டு குரல்கள். இன்னொரு தோப்பிலிருந்து மூன்றாவதாக ஒன்று. என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷப்பட்ட நிமிஷம் வேறு இருக்கிறதா என்று யோசித்துப் பார்க்கிறேன். மகள் பிறந்தபோது இருந்திருக்கலாம். அப்போதுகூடக் கொஞ்சம் பயம் கலந்திருந்தது. இது கலப்படமில்லாத சந்தோஷம்.

வந்துவிடுவார்கள். அவ்வளவுதான், முடிந்தது. கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்து மாட்டிக்கொண்டேன். தலையைக் கோதிவிட்டேன். நாலு பேர் வரும்போது கௌரவமாக இருக்க வேண்டாமா? அவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று ஒத்திகைகூடப் பார்த்தேன். இனிமேல் எதற்குக் கத்த வேண்டும் என்று தொண்டைக்கும் ஓய்வு கொடுத்தேன்.

யாரும் வரவில்லை.

வழி தெரியவில்லையோ? மறுபடி கத்தினேன். உடனே பதில். இந்தத் தடவை தகரம் தட்டுகிற சத்தமும் சேர்ந்து வந்தது. நான் விடாமல் கத்தினேன். அவர்களும் விடவில்லை. தோப்புக்குத் தோப்பு குரல் பரவியது. பிறகு படார் என்று ஒரு வெடி. இன்னொன்று. எனக்குக் குழப்பம். ஒருத்தன் காலொடிந்து கிடக்கிறான் என்றால் எதற்கு வேட்டுப் போடுகிறார்கள்?

நான் கத்தக் கத்த வேட்டும் அதிகமானது.

எவ்வளவு நேரம் இது நடந்தது என்று தெரியாது. வெளிச்சம் மங்கத் தொடங்கியபோதுதான் விஷயம் என் மண்டையில் ஏறியது. ஏறியதும் உடம்பிலிருந்த கொஞ்ச நஞ்சச் சூடும் இறங்கிவிட்டது. அவர்கள் என்னைக் கூப்பிடவில்லை. விரட்டுகிறார்கள். அவர்களுக்கு மேலே இருப்பது மனுஷன் இல்லை, யானை.

இந்தப் பக்கத்துத் தோப்புக் காவல்காரர்களின் முறை அது. பிறகு தெரிந்துகொண்டதை இப்போதே சொல்லிவிடுகிறேன். யானை இறங்குகிற தடயம் ஒருத்தர் கண்ணில் பட்டால் அவர் குரல் கொடுக்க வேண்டும். அது காதில் விழுந்த அடுத்த தோப்புக்காரர் பதில் குரல் கொடுக்க வேண்டும். அவருக்கு அடுத்தவர் அதை வாங்கி அதற்கு அடுத்த தோப்புக்கு அனுப்புவார். தகரம், வேட்டு எல்லாம் கூடவே. பதில் கொடுக்காதவன் மனுஷனில் சேர்த்தி இல்லை. ஆனால் யாரும் தோப்பை விட்டு வெளியே வரக் கூடாது. மூடாப்பான நாட்களில் யானை பகலிலேயே இறங்கும் என்பதால் அன்றைக்கு எல்லாரும் தயாராக இருந்தார்கள். அத்தனை தூரத்துக்கு, அந்தக் காற்றில், என் வார்த்தை எதுவும் போய்ச் சேரவில்லை. போய்ச் சேர்ந்தது வெறும் "ஓ"தான். யாரோ ஒரு காவல்காரர் குரல் கொடுக்கிறார் என்று நினைத்து, முறைப்படி, ஒருத்தர் விடாமல் எனக்குப் பதில் சொல்லியிருக்கிறார்கள்.

அதாவது நான் எவ்வளவு கத்துகிறேனோ அவ்வளவுக்கு அவர்கள் கதவைச் சாத்திக்கொள்வார்கள்.

கத்துவதை நிறுத்தினேன். கீழேயும் நின்றது. அந்த அமைதியில் எனக்கு வந்த பயம் விழுந்தபோதுகூட வரவில்லை. நடுக்கம் வேறு மெல்ல அடங்கிக்கொண்டே வந்தது. தூக்கம் வந்தது. நல்ல தூக்கம். அது நல்லதற்கில்லை என்று தெரிந்தும் கண் சொருகியது. மனைவியிடம் "ம்" என்று சொன்னதை நினைத்தேன். ஒரு சொல் சேர்த்துச் சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருப்பேன்?

பாறைக்கு அடியில் ஏதோ உரசும் சத்தம் கேட்டது. யானையேதான் வந்துவிட்டது என்று நினைத்தேன். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன். கத்தத் தெம்பில்லை.

சாக்குப் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஒரு பெண் ஏறி வந்தாள். நாற்பது, நாற்பத்தைந்து வயதிருக்கும். ஒரு கையில் கம்பு, மறு கையில் டார்ச். சேலையைத் தூக்கிச் செருகியிருந்தாள். நேரே என்னிடம் வந்து குனிந்து, என் கன்னத்தில் உள்ளங்கையை வைத்தாள். பிறகு கழுத்தில். பிறகு கையைப் பிடித்துப் பார்த்தாள்.

"சூடு இருக்கு" என்றாள். என்னிடம் சொல்லவில்லை. தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

இடுப்பிலிருந்து போனை எடுத்தாள். நல்லவேளை, அவளுக்கு டவர் கிடைத்தது. "ஏங்க, ஆளுதான் கெடக்கு. யானை இல்ல. உசுரு இருக்கு, கால்தான் போச்சு. ஏணியும் கயிறும் எடுத்துக்கிட்டு ஆளுகளைக் கூட்டிட்டு வாங்க. சீக்கிரம் வாங்க. நான் இங்கனதான் இருக்கேன்."

அவள் பெயர் பேச்சியம்மாள். ஊரில் பேச்சி. அவளும் புருஷன் மாடசாமியும் வேலி ஓரத் தோப்பில் குடியிருந்து காவல் பார்க்கிறார்கள். என்னைப் பார்த்துக் குரைத்தது அவர்கள் நாய்தான். சாக்கை என் மேல் போர்த்தினாள். முந்தானையைப் பிழிந்து என் தலையைத் துவட்டினாள். என் கையைத் தன் இரண்டு கைக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"தூங்கிராதீக அண்ணாச்சி. பேசிக்கிட்டே இருங்க. எந்த ஊரு?"

"தென்காசிதாம்மா."

"தென்காசிக்காரவுகளுக்கு இங்கன என்ன சோலி?"

என்ன சொல்வது? நாலு பேரிடம் சொல்லிக்கொள்வதற்காக ஏறினேன் என்றா? "சும்மா" என்றேன். "நீ எப்படிம்மா வந்தே? யானைன்னுல்லா எல்லாரும் நெனச்சிருக்காங்க."

அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "நான் எப்பவும் வருவேன். சத்தம் கேட்டா ஏறிருவேன். முக்காவாசி யானையாத்தான் இருக்கும். தூரமா நின்னு பாத்துட்டுத் திரும்பிருவேன். ஊர்ல எல்லாரும் எனக்குக் கோட்டி புடிச்சிருக்குன்னு சொல்லுதாவ."

"பயமில்லையா?"

"பயம் இருக்கத்தான் செய்யுது."

என் மேல் கிடந்த சாக்கைக் கழுத்து வரை இழுத்துவிட்டாள். பிறகு நான் கேட்காமலே சொன்னாள். போன வருஷம் இதே சாரலில், மாட்டைத் தேடிக்கொண்டு பக்கத்து ஊர்க்காரர் ஒருத்தர் இந்தப் பாறையில் ஏறியிருக்கிறார். அவரும் விழுந்தார்.

"இடுப்பு ஒடிஞ்சு கெடந்திருக்காரு. அவரும் சத்தம் போட்டாரு. நாங்க காவல்காரவதான் குரல் குடுக்காவன்னு நெனச்சோம். அவரு போட, நாங்க போட... விடியுத வரைக்கும் சத்தம் வந்துச்சு அண்ணாச்சி. விடியுத வரைக்கும் நாங்களும் பதில் குடுத்தோம். நான்தான் எல்லாரையும் விட ஒசக்கக் குடுத்தேன். எனக்குத் தொண்டை பெருசு."

"அப்புறம்?"

"விடிஞ்சதும் நின்னு போச்சு. யானை போயிருச்சுன்னு சொல்லிக் கஞ்சி குடிச்சோம். மத்தியானம் அவரு வீட்டு ஆளுக தேடி வந்தாவ. கூடப் போனேன். நான்தான் மொதல்ல கையப் புடிச்சுப் பாத்தேன். சில்லுன்னு இருந்துச்சு." அவள் குரல் மாறவில்லை. "மாடு மொத நாளே வீட்டுக்குப் போயிருச்சாம்."

கீழே டார்ச் வெளிச்சம் இரண்டு மூன்று அசைவது தெரிந்தது. மாடசாமியும் ஆட்களும் ஏற ஆரம்பித்துவிட்டார்கள். அவள் அதைப் பார்த்தாள். அவர்கள் வருவதற்குள் கேட்டுவிட வேண்டும் என்பது போல என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கேன், உள்ளதைச் சொல்லணும். நாங்க கீழ போட்ட சத்தம் இங்கன கேட்டுச்சா?"

அவள் என்னைப் பற்றிக் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும். ஒரு வருஷமாக அவள் கேட்க ஆளில்லாமல் வைத்திருந்த கேள்வி அது. அந்தப் பாறையில் விழுந்து உயிரோடு கிடந்தவன் ஒருத்தன் கிடைத்தால்தானே கேட்க முடியும்? காற்றில் ஒன்றும் கேட்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். சின்னப் பொய். யாருக்கும் நஷ்டமில்லை. அன்றைக்குப் பொய் வரவில்லை. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"கேட்டுச்சும்மா."

"நல்லா கேட்டுச்சா?"

"நல்லா கேட்டுச்சு."

"கேட்டப்ப எப்படி இருந்துச்சு?"

"சந்தோஷமா இருந்துச்சு" என்றேன். "வந்துட்டாங்கன்னு நெனச்சேன்."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். அவளுக்கு அது தெரிந்துதான் இருந்திருக்கிறது. தெரிந்ததை ஒருத்தர் வாயால் கேட்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

"அப்ப அவரும் ராத்திரி பூரா சந்தோஷமாத்தான் இருந்திருப்பாரு" என்றாள். "அதத்தான் தாங்க முடியல அண்ணாச்சி."

அப்போதுதான் அழுதாள். என் கையை விடாமலே அழுதாள். நானும் அழுதேன். மாடசாமி வந்து டார்ச்சை எங்கள் முகத்தில் அடித்தபோது காலொடிந்தவன் யார், காப்பாற்ற வந்தவள் யார் என்று அவருக்கே ஒரு கணம் புரியாமல்தான் இருந்திருக்கும்.

தேங்காய் பறிக்கிற ஏணியில் என்னைக் கட்டி இறக்கினார்கள். ஒவ்வொரு பாறைக்கும் கத்தினேன். அதற்கு மட்டும் யாரும் பதில் குரல் கொடுக்கவில்லை. ஆஸ்பத்திரி, ஆபரேஷன், பிளேட், ஸ்க்ரூ எல்லாம் ஆயிற்று. என் மனைவி முதல் இரண்டு நாள் என்னோடு பேசவே இல்லை. மூன்றாம் நாள் "ம்னு சொன்னீங்களே" என்று ஆரம்பித்தாள். அதை இங்கே எழுத முடியாது.

புது போன் வாங்கிப் பழைய நம்பரைப் போட்டதும் மெசேஜ்கள் கொட்டின. குடும்ப குரூப், கல்லூரி குரூப், தெரு குரூப், காலையில் பூப்படம் போடுகிற குரூப். "டேக் கேர்." "கெட் வெல் சூன்." கைகூப்பும் பொம்மை. அழுகிற பொம்மை. ஒருத்தர் போட்டதைப் பார்த்து அடுத்தவர், அவரைப் பார்த்து அதற்கடுத்தவர். பதில் போடாதவன் மனுஷனில் சேர்த்தி இல்லையே. எல்லாம் நல்ல மனசோடு போட்டவைதான், குறை சொல்லவில்லை. நானும் இத்தனை வருஷமாக எத்தனை பேருக்குப் போட்டிருக்கிறேன்? பெரியப்பா மகன் வேலை போய் வீட்டில் கிடக்கிறான் என்று தெரிந்ததும் உடனே போட்டேன், "எல்லாம் சரியாகும்" என்று. அவன் இருப்பது ஆலங்குளத்தில். பஸ் ஏறினால் போய்விடலாம். போகவில்லை. போகவில்லை என்பதே எனக்குத் தோன்றவில்லை. அதான் பதில் போட்டாயிற்றே!

குரல் கொடுத்துவிட்டால் நமக்குப் போய்வந்த திருப்தி வந்துவிடுகிறது. கேட்கிறவனுக்கோ அது நாம் கிளம்பி வருகிற சத்தம் மாதிரி கேட்கிறது. நடுவில் ஒருத்தன் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு காத்திருக்கிறான்.

மாடசாமி இரண்டு தடவை என்னைப் பார்க்க வந்தார். முதல் தடவை மாம்பழத்தோடு. இரண்டாவது தடவை ஒரு கோரிக்கையோடு.

"அண்ணாச்சி, நீங்க சொன்னா அவ கேப்பா. சத்தம் கேட்டா ஏறாதேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. உங்கள எடுத்ததுலருந்து இன்னும் மோசமாயிட்டா. சும்மா நரி ஊளையிட்டாக்கூடக் கம்பத் தூக்குதா. யானை நடமாடுத எடம். ஒரு நா இல்லன்னா ஒரு நா மிதிச்சுரும்."

அவர் சொன்னதில் தப்பில்லை. யானை முன்னால் போய் நிற்கிறவளுக்கு ஒவ்வொரு தடவையும் என் மாதிரி ஒரு காலொடிந்த ஆள் கிடைக்க மாட்டான். ஆனால் போகாதே என்று நான் எப்படிச் சொல்வது? போனதால் உயிரோடு இருக்கிறவன், போகாதே என்று சொல்வதா? இந்த ஒரு வாரமாக இதைத்தான் கூரையைப் பார்த்துக்கொண்டு யோசிக்கிறேன். இன்று காலையில்தான் ஒரு முடிவுக்கு வந்தேன். போகாதே என்று சொல்ல வேண்டாம். தனியாகப் போகாதே என்று சொல்லலாம். மாடசாமியையும் கூட்டிக்கொண்டு போ, பக்கத்துத் தோப்பு ஆளையும் எழுப்பிக்கொண்டு போ என்று. அது நியாயமான பேச்சுதானே?

இந்த இடம் வரை எழுதிவிட்டு, கையோடு சொல்லிவிடலாம் என்று சற்று முன்னால் அவள் நம்பருக்குப் போட்டேன். வெளியே சாரல் வலுத்திருக்கிறது. ரொம்ப நேரம் அடித்த பிறகு மாடசாமிதான் எடுத்தார்.

"பேச்சி இல்லையா?"

"மேல போயிருக்கா அண்ணாச்சி. மொட்டைப் பக்கம் ஏதோ சத்தம் கேட்டுச்சு. சொன்னாக் கேட்டாத்தானே... போனைக்கூட இங்கன போட்டுட்டு ஓடிட்டா. நாங்களும் கீழருந்து விடாம சத்தம் குடுத்துக்கிட்டுத்தான் இருக்கோம்."

அவருக்குப் பின்னால் தகரம் தட்டுகிற சத்தம் எனக்கு நன்றாகவே கேட்டது.

"நீங்க போகலையா?" என்றேன்.